ஊர் திரும்பும் உத்தேசத் தேதி

வெளியூர்க்காரன் என்றால் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, 'ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?' என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், வெளியூர்க் குழந்தைகள் நல இல்லத்தின் விதிமுறைப் புத்தகத்தை நீங்கள் படித்ததில்லை என்று அர்த்தம். மொத்தம் அறுபத்திரண்டு பக்கம். அதில் பத்தொன்பது பக்கம் 'வெளியூர்' என்கிற ஒரே சொல்லுக்குப் போய்விட்டது. குழந்தைகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. சுவரில் கிறுக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள்.

இல்லம் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது. கீழே அலுவலகம், முதல் மாடியில் பதினான்கு கட்டில் போட்ட பொதுக்கூடம், இரண்டாம் மாடியில் ஏழு தனி அறைகள். சிகிச்சைக்கு வரும் பிள்ளையும் அம்மா அப்பாவும் இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம். நல்ல காரியம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்கிற நினைப்பு மட்டும் அந்தக் கட்டடத்தில் கொஞ்சம் அதிகமாகவே புழங்கியது.

அங்கேதான் தராசுக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடைகடையாகப் போய் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். எந்தத் தட்டு பத்து கிராம் இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடுவார். தொழிலுக்கு அது நல்ல குணம். ஆனால் கடையைப் பூட்டிய பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. அண்ணனுக்கு விழுந்த பங்கு, பக்கத்து வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், மச்சான் மகனுக்குக் கிடைத்த வேலை, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து வயிறு எரிவார். "பொழுது விடிஞ்சா அடுத்தவங்களை நிறுத்துக்கிட்டே இருங்க" என்று அவர் மனைவி கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ரத்தத்தில் புற்றுநோய் என்று உள்ளூர் டாக்டர் சொல்லி, பதினோரு மணி நேர பஸ் பயணத்தில் இந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா நிதானமாக விளக்கினாள். குணப்படுத்தக்கூடியதுதான். ஆனால் மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அப்போது சாதாரணச் சளி வந்தால்கூட ஆபத்து. "கூட்டத்துல வெக்காதீங்க. தனி ரூமா இருந்தா நல்லது" என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தாள்.

அந்தச் சீட்டை இல்லத்தின் காப்பாளர் வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லாததைக் கண்டு திருப்தியடைந்து, ஒரு ஃபாரத்தை நீட்டினார். அதன் கடைசி வரியில் 'ஊர் திரும்பும் உத்தேசத் தேதி' என்று இருந்தது. தராசுக்காரர் டாக்டரம்மா சொன்ன கணக்கில் எட்டு மாதம் தள்ளி ஒரு தேதி போட்டார்.

"எட்டு மாசமா?" காப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா, வரும்போதே இப்படி அவநம்பிக்கையோட வர்றீங்க? சீக்கிரம் திரும்புறவங்களுக்குத்தான் இங்க முன்னுரிமை."

"நோய் அவ்வளவு நாளாகும்னாங்க சார்."

"நோய் சொல்றதை எல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா நிர்வாகம் நடத்த முடியுமா?"

தராசுக்காரர் எட்டு மாதத்தை அடித்துவிட்டு நாற்பது நாள் என்று போட்டார். காப்பாளர் முகம் மலர்ந்தது. தனி அறைக்கான வரிசையில் மூன்றாம் இடம் கொடுத்தார். அதுவரை பொதுக்கூடத்தில் பதினோராவது கட்டில். கட்டிலைச் சுற்றி மனைவி தன் புடவைகளைத் தொங்கவிட்டு அறை மாதிரி ஒன்றைச் செய்தாள். பக்கத்துக் கட்டில் தும்மினால் புடவை ஆடியது. இரண்டு தடவை சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் போட்டு, குளுக்கோஸும் ஊசியுமாகப் பத்துப் பத்து நாள் ஓடியது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மருந்து தள்ளிப்போனது. மருந்து தள்ளிப்போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எண்பத்தெட்டாம் நாள் வரிசையில் முதல் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் அறை இரண்டொரு நாளில் காலியாகும் என்று செய்தி. ஏழாம் நம்பர் அறையில் தெருப் பக்கம் பெரிய ஜன்னல், உள்ளேயே குழாய், தனிக் குளியலறை. மனைவி புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கீழேயிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

"நாளன்னைக்கு உங்களுக்குத் தொண்ணூறு நாள் முடியுது" என்றார் காப்பாளர். "விதி பதினொண்ணு. தொடர்ந்து தொண்ணூறு நாள் இந்த ஊர்ல இருந்தா நீங்க உள்ளூர். இது வெளியூர்க் குழந்தைகள் இல்லம்."

தராசுக்காரருக்குப் புரியவில்லை. "சார், நான் வெளியூர்தான். எங்க ஊர் அதே இடத்துலதான் இருக்கு."

"ஊர் அங்க இருக்கும். நீங்க அங்க இல்லையே!"

வழி உண்டு என்றும் அவரே சொன்னார். குடும்பம் ஒரு தடவை சொந்த ஊர் போய்த் திரும்பி வந்தால் மறுபடி வெளியூராகிவிடலாம். புது டிக்கெட், புது ஃபாரம், புது தொண்ணூறு நாள். பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைத் தராசுக்காரர் சொன்னார். காப்பாளர் புத்தகத்தைப் புரட்டி, குடும்பத் தலைவர் மற்றவர்கள் சார்பாகவும் பயணம் செய்யலாம் என்று கருணை காட்டினார். சிட்டுவின் சார்பில் அவள் செருப்பையாவது கொண்டுபோக வேண்டும் என்றார். பயணத்துக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா?

தராசுக்காரர் முதலில் சாமர்த்தியமாக நடந்துகொள்ளப் பார்த்தார். ஊர் எல்லை தாண்டி நாலாவது நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து, இரண்டு டிக்கெட்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். காப்பாளர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது உலாத்தல். பயணம் கிடையாது" என்று தள்ளிவிட்டார்.

வேறு வழி? மறுநாள் காலை ஐந்து மணி பஸ். மடியில் மகளின் செருப்பு. பதினோரு மணி நேரம் போய்த் தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். திரும்பும் பஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறப்போனவரை மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டார். அவருடைய எடை மெஷினை வருஷாவருஷம் தராசுக்காரர்தான் பார்ப்பார்.

"அட, எப்ப வந்தீங்க?"

"நான் இன்னும் வரலைங்க" என்று சொல்லிவிட்டுத் தராசுக்காரர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். காப்பாளர் டிக்கெட்டையும் செருப்பையும் பரிசோதித்து, 'வெளியூர்' என்று முத்திரை குத்தினார். ஏழாம் நம்பர் அறைச் சாவிக்காகத் தராசுக்காரர் கையை நீட்டினார்.

"அது நேத்து மதியம் குடுத்தாச்சே" என்றார் காப்பாளர். "ஒரு பெயிண்டர் குடும்பம். உங்க முறைதான். ஆனா நீங்க ஊர்ல இல்லையே."

இந்த இடத்தில் நாலு கெட்ட வார்த்தை வர வேண்டும். தராசுக்காரர் பெற்ற பிள்ளையை உத்தேசித்து விழுங்கினார். நானும் விழுங்குகிறேன்.

அன்றைக்குப் பிடித்த பொறாமை அவரை அப்புறம் விடவில்லை. அந்தப் பெயிண்டர் அவரைவிடப் பத்து வயது இளையவன், ஒல்லி, மரியாதையானவன். பார்க்கிறபோதெல்லாம் "வாங்கண்ணே" என்பான். அதுவே இவருக்கு எரியும். அறை இருக்கிறவனுக்கு மரியாதையாகப் பேச என்ன கஷ்டம்? அவன் மகளுக்கும் எட்டு வயதுதான். ஓயாமல் பேசுவதால் எல்லோரும் வாயாடி என்பார்கள். அவளும் சிட்டுவும் ஒரே நாளில் கூட்டாகிவிட்டார்கள். இரண்டு மொட்டைத் தலைகளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, எந்த நர்ஸ் ஊசி வலிக்காமல் போடுகிறாள் என்று பட்டியல் போடும்.

"அப்பா, அவ ரூம் ஜன்னல்லேர்ந்து பாத்தா ஆம்புலன்ஸ் எல்லாம் தெரியுமாம். எண்ணி வெச்சிருக்கா" என்றாள் சிட்டு.

"நம்ம கட்டில்லேர்ந்து புடவை தெரியுதே, அதை எண்ணு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, பிறகு வருத்தப்பட்டார்.

வாராவாரம் எடை பார்க்கும் நாளில்தான் உண்மையான சித்திரவதை. வார்டு எடை மெஷினை அவரே முதல் வாரத்தில் நெம்பிச் சரிசெய்து கொடுத்திருந்தார். அதனால் அது பொய் சொல்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. சிட்டு பதினேழு கிலோ நானூறு. அடுத்த வாரம் பதினேழு முந்நூறு. வாயாடி பதினெட்டு அறுநூறு, அடுத்த வாரம் பத்தொன்பது நூறு, அதற்கடுத்த வாரம் பத்தொன்பது எழுநூறு.

"தனி ரூமு. ஜன்னல் காத்து. உடம்பு ஏறாம என்ன செய்யும்?" என்று மனைவியிடம் பொருமினார்.

"அந்தப் புள்ள முகம் வெளிறிக் கிடக்குது. அது உங்க கண்ணுல படல?"

"மெஷின் நான் சரிபண்ணினது. பொய் சொல்லாது."

"உங்களுக்கு அடுத்தவங்க வயித்து வலியைப் பாத்தாக்கூடப் பொறாமைதாங்க" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெயிண்டர் எப்படி வந்த அன்றே அறை வாங்கினான் என்று தராசுக்காரர் துருவ ஆரம்பித்தார். குமாஸ்தா ஒருவழியாகச் சொன்னான். அந்தக் குடும்பத்துக்கு 'மறுவருகைச் சலுகை' உண்டு. ஏற்கெனவே ஒரு தடவை வந்து தங்கி, ஊர் திரும்பி, மறுபடி வந்தவர்களுக்கு வரிசை கிடையாது.

"நானும்தானே போயிட்டு மறுபடி வந்தேன்? செருப்போட?"

"நீங்க வந்தது மறுபயணம். இது மறுவருகை. வேற தலைப்பு" என்றான் குமாஸ்தா. "அது வேணும்னா டாக்டர் எழுதிக் குடுக்கணும்."

தராசுக்காரர் அன்றே டாக்டரம்மாவின் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றார். உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, எங்க பொண்ணுக்கும் ஒரு மறுவருகை எழுதிக் குடுங்கம்மா. பெரிய உதவியா இருக்கும்" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன கேக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"பெயிண்டர் பொண்ணுக்கு எழுதினீங்களாமே. எங்களுக்கு மட்டும் ஏம்மா…"

"அந்தப் பொண்ணுக்கு நோய் மறுபடி வந்திருக்குங்க" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "மறுவருகைன்னா அதுதான். போங்க. இதை இன்னொரு தடவை யார்கிட்டயும் கேக்காதீங்க."

தராசுக்காரர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சே, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டு நாள் பெயிண்டரைக் கண்டால் ஒதுங்கிப் போனார். மூன்றாம் நாள் பொதுக்கூடத்தில் யாரோ ஒருவர் நாலு முறை அடுத்தடுத்துத் தும்மினார். தராசுக்காரர் புடவைக்குப் பின்னால் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு, மாடியைப் பார்த்தார். என்ன இருந்தாலும் அந்த ஜன்னல் என்னுடையது என்று தோன்றியது. பொறாமைக்கு வெட்கம் தெரிந்திருந்தால் உலகம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

இப்படி ஐந்து வாரம் ஓடியது. ஆறாம் வாரம் இல்லத்தில் 'ஊர் திரும்புவோர் பாராட்டு விழா' வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஊர் திரும்பும் குடும்பங்களை மேடையேற்றி, சான்றிதழ் கொடுத்து, குழந்தைக்குச் சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்று தருவார்கள். கூடத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் அந்தப் பெட்டிமேல்தான் கண். இந்த முறை மேடையில் இரண்டு குடும்பம். முதலாவது ஒரு குண்டுப் பையன். இரண்டாவதாக வாயாடியின் குடும்பத்தை அழைத்தார்கள்.

தராசுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். எங்களுக்கு அப்புறம் வந்தவன்! வந்து ஆறு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. நோய் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள், அதுவும் அதற்குள் போய்விட்டதா? அறையும் அவனுக்கு, எடையும் அவனுக்கு, ஊரும் அவனுக்கா?

இல்லத்தின் தலைவர் பேச எழுந்தார். அவர் ஒவ்வொரு விழாவிலும் ஒரே பேச்சைப் பேசுவார். ஒவ்வொரு தடவையும் அதைத் தானே முதல்முறை கேட்பதுபோல ரசிப்பார்.

"எனக்கு மருத்துவம் தெரியாது" என்று ஆரம்பித்தார். "தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டதும் கிடையாது. ஆனா மனுஷங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தெரியும். எதிரே ஒரு ஆஸ்பத்திரி இருக்குது. பெரிய கட்டடம். நம்ம இல்லத்தோட முகப்பை அது மறைக்குதுன்னு நான் பல தடவை எழுதிப் பாத்துட்டேன், இன்னும் நகத்த மாட்டேங்குறாங்க. போகட்டும். அங்க என்ன நடக்குதோ எனக்குத் தெரியாது. நம்ம பதிவேட்டைப் பாருங்க. இந்த வருஷம் நாப்பத்தேழு குடும்பம் இங்கேருந்து கிளம்புச்சு. நாப்பத்தேழும் ஊர் திரும்பியாச்சு. நூத்துக்கு நூறு!"

கைதட்டல்.

"இன்னொண்ணும் பெருமையா சொல்லிக்கிறேன். இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு குழந்தைகூட இறந்தது கிடையாது. ஏன்? நிலைமை சரியில்லைன்னு ஆஸ்பத்திரி சொன்ன மறுநாளே நாங்க பெட்டியைக் குடுத்து ஊர் திரும்ப ஏற்பாடு பண்ணிருவோம். பதிவு சுத்தமா இருக்கணும், அதுதான் எங்க கொள்கை!"

மறுபடி கைதட்டல். தராசுக்காரரும் தட்டினார். அவர் பேச்சைக் கவனிக்கவில்லை. சிவப்புப் பெட்டியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். வாயாடி அதைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அப்பா, நமக்கு எப்பப்பா பெட்டி குடுப்பாங்க?" என்று சிட்டு முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டாள்.

"குடுப்பாங்க. நல்ல மனுஷங்களுக்குக் கடைசியிலதான் குடுப்பாங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

விழா முடிந்ததும் பெயிண்டர் மாடிப்படியில் அவரை நிறுத்தினான். ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் சாவி.

"அண்ணே, அடுத்தது உங்க முறைதானே. கீழ குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஜன்னல் கொண்டி சரியா விழாதுண்ணே. காகிதத்தை மடிச்சு வெச்சாத்தான் நிக்கும். இல்லேன்னா காத்துல படபடன்னு அடிச்சு புள்ள தூக்கம் கெட்டுரும்."

"சரி தம்பி" என்றார் தராசுக்காரர். வாய் சும்மா இருக்கவில்லை. "குடுத்து வெச்சவங்கப்பா நீங்க. எங்களுக்கு அப்புறம் வந்து முந்திக்கிட்டுப் போறீங்க. பொண்ணும் நல்லா எடை போட்டிருக்கு."

பெயிண்டர் படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல் நகத்தில் பழைய நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டினான்.

"அது எடை இல்லைண்ணே. நீராம். வயித்துல சேந்துருக்கு." நகத்தைச் சுரண்டியபடியே, "இனிமே வர வேணாம்னுட்டாங்க. மருந்து கேக்கலையாம். வீட்ல வெச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

ஆயிரம் கடை ஏறி இறங்கி, கல்லையும் தட்டையும் பார்த்த கண். அது வாராவாரம் ஒரு குழந்தையின் வீக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறது.

"உங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மருந்துக்கு வரச் சொல்லியிருக்காங்கல்ல?" என்று பெயிண்டர் கேட்டான்.

"ஆமாப்பா."

"நல்லதுண்ணே" என்றான் அவன். சொல்லும்போது தராசுக்காரரின் சட்டைப்பையைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமைச் சீட்டு அதில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைத் தராசுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆறு வாரமாக அவர் கண்ணில் இருந்த பார்வைதான் அது. மூட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தார். வழியெல்லாம் வாயாடியின் பெட்டிச் சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டது. பஸ் கிளம்பும்போது வாயாடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மாமா, சிட்டுகிட்ட சொல்லுங்க. ஆம்புலன்ஸ் இருநூத்திப் பத்து வரைக்கும் எண்ணியிருக்கேன். அதுக்கு மேல அவ எண்ணட்டும்."

திரும்பி வந்ததும் காப்பாளர் கூப்பிட்டார். மேஜைமேல் ஏழாம் நம்பர் சாவி. பக்கத்தில் புது ஃபாரம்.

"வாழ்த்துக்கள். பாத்தீங்களா, பொறுமையா இருந்தா இல்லம் யாரையும் கைவிடாது. அறை மாறினா புது ஃபாரம் போடணும், நிரப்பிக் குடுத்துட்டுச் சாவியை எடுத்துக்குங்க."

தராசுக்காரர் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு வந்தார். குழந்தையின் வயது. தூரம். வெளியூரா, உள்ளூரா. கடைசி வரியில் பேனா நின்றது.

"இதை மட்டும் விட்டுடலாமா சார்?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது. ஏங்க, போன தடவை நாப்பது நாள்னு சூட்டிகையா போட்டீங்களே! சும்மா ஒரு தேதி போடுங்க. சீக்கிரமா போட்டா அடுத்த விழாவுக்கே உங்களையும் சேத்துக்கலாம். பெட்டி சொல்லி வெக்கணும் பாருங்க, ஒரு வாரம் முன்னாடி சொன்னாத்தான் சிவப்பு கிடைக்கும்."

"எங்களுக்குப் பெட்டி வேணாம் சார்."

"அதெப்படி? எல்லாரும் திரும்பித்தானே ஆகணும்?"

தராசுக்காரர் சட்டைப்பையில் இருந்த செவ்வாய்க்கிழமைச் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, நிறுத்தி நிதானமாக, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதினார். காப்பாளர் ஃபாரத்தைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார்.

"ஊர் திரும்பும் உத்தேசத் தேதி: அவசரமில்லை."